சிப்பாயின் காலில் விழுந்த புதுப்பெண்

மலாயாவில் ஜப்பான்காரர் ஆண்ட காலத்தில், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் பாதையில் ஒரு காவல் சாவடி இருந்தது. அங்கே நிற்கும் சிப்பாய்க்குத் தலை வணங்காமல் யாரும் கடக்க முடியாது. வரிசையில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் இளம் கிராணியும் அவர் மனைவியும் நின்றார்கள். சண்டை தொடங்குமுன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பெண். தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை.

“கல்யாணமாகி இன்னிக்குத்தான் உன்னை வெளிய கூட்டிட்டுப் போறேன். கெடுத்துடாத. நான் குனிஞ்சா நீயும் குனி.”

“சும்மா குனிஞ்சா மரியாதையா இருக்குமாங்க? ரெண்டு பேரும் சேந்து விழணும்.”

“விழறதா? எங்க?”

“கால்லதான். கல்யாணத்தன்னிக்கு லயத்து வீடுகள்ல எல்லார் கால்லயும் விழுந்தோமே, இவருக்கு மட்டும் என்ன குறைச்சல்?”

“இவன் என்ன உன் பெரியப்பாவா? குனிஞ்சா போதும்லா!”

அவர்கள் முறை வந்தது. கிராணி குனிந்தார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து இழுக்க, இருவரும் சிப்பாயின் பூட்ஸ் முன்னால் விழுந்தார்கள். அவன் துள்ளிப் பின்வாங்கித் துப்பாக்கியை நீட்டினான். அவர்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவன், தானும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு, போகச் சொல்லிக் கையை வீசினான்.

“உசிரு தப்பிச்சுச்சு. எந்திரி, போலாம்.”

அவள் எழவில்லை.

“இருங்க. வெத்தலை பாக்குகூடக் குடுக்காமலா அனுப்புவாரு? என்ன ஊருங்க இது!”