சென்னியப்பன் கிணற்றுத் தண்ணீர்

பீளமேட்டில் ஐஸ் கிடைப்பது ஒன்றும் சிரமமில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு எதிரிலேயே ஜூஸ் கடை இருக்கிறது. அப்படியிருந்தும் அன்றைக்கு ஏன் வாங்கவில்லை என்று விசாரணையில் நீங்கள் கேட்பது நியாயம்தான்.

சாயக் கழிவிலிருந்து வரும் அமீன் என்ற நச்சு தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மருந்துகளை அடுத்தடுத்துச் சேர்ப்போம். அமீன் இருந்தால் ஊதா நிறம் வரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் விஷம் அதிகம். இரண்டு மருந்துகளுக்கும் நடுவில் சோதனைக் குழாய் ஐஸில் இருக்க வேண்டும்; சூடேறினால் விஷம் இருந்தாலும் நிறம் வராமல் ஏமாற்றிவிடும். மூன்று வருடத்துக்கு முன், சென்னியப்பன் என்ற விவசாயி கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரில் முதல் மருந்தைச் சேர்த்து, ஐஸ் இல்லாமல் மேசையில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டேன். நிறம் வரவில்லை. குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். அது கவனக்குறைவு, யாருக்கும் நேர்வதுதான்.

போன வருடம் அவர் அதே கிணற்றுத் தண்ணீரோடு மறுபடி வந்தார். மனைவி சாந்தாமணிக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறதாம். புதிதாகச் சேர்ந்த பூஜிதா சோதித்தாள். குழாய் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"பழைய ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லைன்னு எப்படிங்க சார் வந்திருக்கு?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக என் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை. குழாயை ஒழுங்காகக் கழுவவில்லை என்று அவளைத் திட்டிவிட்டு, நானே திரும்பச் செய்தேன். ஐஸ் இல்லாமல், வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்து. நிறம் வரவில்லை. நிறத்தை அளக்கும் கருவி காட்டிய எண்ணைத்தான் எழுதினேன். மிச்சத் தண்ணீரை அவள் எங்காவது ஒளித்திருப்பாள் என்று அவள் போனபின் பிரிட்ஜைக் குடைந்தேன். கிடைக்கவில்லை. இப்போது உங்கள் மேசையில் இருப்பது அந்தப் பாட்டில்தான் போலிருக்கிறது.

சென்னியப்பனுக்கு நிம்மதி. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தாராம்.

"நீங்க சொன்னாப் போதுங்க சார். பயப்படாமக் குடின்னு சொல்லிப்போடறேன்" என்றார்.

அவர் மனைவி எவ்வளவு குடிக்கிறார் என்று விசாரித்தேன். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்றார். நல்லது என்றேன்.

அந்த அம்மா தை மாதம் இறந்தார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். தாகமில்லை என்று சொல்லிவிட்டேன்.

தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் ரிப்போர்ட் தவறு என்று மட்டும் எழுத வேண்டாம். இரண்டு தடவையும் ஒரே முடிவுதான் வந்தது.