தம்பியின் படத்துக்கு அடியில்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே, ரானுயியிலிருந்து ரயிலேறி, மடியில் மழலையும் கையில் சாப்பாட்டுப் பெட்டியுமாக ஆக்லாந்தின் இந்த ஹென்டர்சன் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மாரே, கைப்பேசியிலிருந்து தலைநிமிராத என் தங்கங்களே, உங்கள் அனைவரையும் கரம்கூப்பி வணங்குகிறேன்.

கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசம்மா என்றார் தலைவர். என் தொழில் அதுதான். ஆனாலும் இன்று நம் வேதவள்ளி அக்காவின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லச் சொன்னவரே அவர்தான். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அக்காவின் தம்பி சிவனேசன் முல்லைத்தீவில் இருக்கிறார். அவர் பெயரையும் ஊரையும் நான் மாற்றித்தான் சொல்கிறேன். போரின் கடைசி நாட்களில் பெற்ற மகனைப் பறிகொடுத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், மகனை நினைத்துக் கடற்கரையில் ஒரு விளக்கேற்றினார். அந்தப் படத்தை அக்காவுக்கு மட்டும் அனுப்பினார். பெற்றவனுக்கு ஒரு விளக்கேற்றும் உரிமை இல்லையா? அழுவதற்குமா அனுமதி கேட்க வேண்டும்?

அக்கா அழுதார். அழுத கையோடு படத்தை முகநூலில் போட்டார். பாசம்தானே, வேறென்ன?

அப்புறம் நம்மவர்களைத் தெரியாதா? ஒரு முகத்தைக் கண்டால் நமக்கு ஊர் தெரிய வேண்டும், உறவு தெரிய வேண்டும், வீட்டுச் சந்தும் ஒழுங்கையும் தெரிய வேண்டும். படத்துக்கு அடியில் "இவர் ஆர்?" என்று எழுதினார் டொரன்டோக்காரர். "எங்கட மகேசன் அண்ணையின்ர மருமகன்" என்றார் பாரிஸ்காரர். "ஓம் ஓம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வீடு. இப்ப கடற்கரையில மீன் வாடி வச்சிருக்கிறார்" என்றார் நம் ஆக்லாந்துக்காரர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதில் ஒருவரிடமும் வஞ்சகமில்லை, அத்தனையும் அன்பு. அந்த அன்பையெல்லாம் வரிவரியாகப் படித்துவிட்டு, சீருடையில்லாத புலனாய்வுக்காரர் இருவர் சிவனேசனின் வாசலுக்கு வந்துசேர்ந்தார்கள். வழி கேட்கவே அவர்களுக்குத் தேவையிருக்கவில்லை.

அடிக்கவில்லை. படத்தைக் காட்டி, வெளிநாட்டில் உனக்கு யார் யார் என்று கேட்டார்கள். மறுபடியும் வந்தார்கள். பிறகு தம்பி அழைத்தார். "அக்கா, இனி என்னோட கதைக்காதேங்கோ. பிள்ளையள் பயப்பிடுதுகள்."

அக்கா படத்தை அழித்தார். போன குரல் திரும்பவில்லை. ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் இடைவேளை மணி அடித்ததும் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பாராம். பார்த்துவிட்டுத் திரும்பவும் பைக்குள் வைத்துவிடுவாராம்.

பின்னாலிருந்து மலேசியா செல்வராஜ் அண்ணன் கேட்கிறார், "அப்ப எல்லாத்தையும் மூடிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று. இல்லை அண்ணே, இல்லவே இல்லை. நாம் வாய்மூடினால் மிரட்டியவர்களுக்கல்லவா கொண்டாட்டம்? பேசுங்கள், எழுதுங்கள், உலகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் சொல்லுங்கள், உங்கள் முகத்தோடு சொல்லுங்கள். அங்கே இருப்பவரின் முகம் அவருக்குச் சொந்தம். அவர் பெயர் அவருக்குச் சொந்தம். அவர் அழுகையும் அவருக்கே சொந்தம். போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடியில் ஊரையும் உறவையும் எழுதத் துடிக்கும் விரலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

போன கிழமை அக்காவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. தம்பி அனுப்பியது. "நம்பி அனுப்புறன் அக்கா" என்று எழுதியிருந்தாராம். ஆசை தாங்காமல், "என்ன படம் அக்கா, காட்டுங்கோ" என்று கேட்டேன். அக்கா கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"காட்டமாட்டன் பிள்ளை. அவனை இன்னும் கேக்கேல்லை."

அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பொறுமையோடு செவிதந்த உங்களுக்கும், தன் துயரத்தை நமக்காகத் திறந்துவைத்த அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அங்கே இருக்கும் நம் தம்பிமாரும் தங்கைமாரும் அச்சமின்றிக் கண்ணுறங்கட்டும் என்று வேண்டி அமர்கிறேன். வணக்கம்.