முழங்கால் ஆழத் தண்ணீர்

"ஹலோ... இர்மாவா? நான் அக்கா பேசுறேன்... ஆமா, ஆமா, வரேன், அதுக்கில்ல. தைனா எங்க?... சௌனாவுலதான் இருக்காளா? இன்னும் வெளிய வரலியே?"

ஹெல்வி தேவாலய அலுவலகத்தில் நின்றபடி தங்கையுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். மேசையின் மீது பழைய அடக்கப் பதிவேடு விரிந்து கிடந்தது. இருபது மைலுக்கு அப்பால், ஏரிக்கரை வீட்டில், நடுக்கோடைத் திருநாளுக்காக, இர்மாவும் அவள் மகள் தைனாவும் உட்பட, குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. சௌனா என்னும் நீராவி அறையில் உடல் சிவக்க வெந்தபின், வரிசையாக ஓடிவந்து குளிர்ந்த ஏரியில் குதிப்பதே அன்றைய வழக்கம்.

"அவளக் குதிக்க விடாத... கேலி பண்ணாத, நான் ஒரு சொட்டும் குடிக்கல. கேளு. சைமா அத்தைப்பாட்டி மூழ்கிச் சாகல."

சைமா அவர்களுடைய தாத்தாவின் அக்கா. ஆறு வயதில் ஃபின்லாந்திலிருந்து மிச்சிகனின் சுரங்க ஊருக்குக் கப்பலில் வந்தவள். பன்னிரண்டாம் வயதில் ஏரியில் இறந்தவள். நீந்தத் தெரியாமல் மூழ்கினாள் என்றே குடும்பம் நம்பியது. ஆகவேதான் அவ்வீட்டுக் குழந்தைகள் நான்கு வயதிலேயே நீந்தக் கற்றார்கள்; ஆண்டுதோறும் அவள் பெயரைச் சொல்லிக் குதித்தார்கள். சைமாவின் கல்லறைக்கல்லில் பொறிக்க அவள் இறந்த நாளைச் சரிபார்க்கவே ஹெல்வி அன்று பதிவேட்டைத் திறந்திருந்தாள்.

"தண்ணி முழங்கால் அளவுதான் இருந்துச்சாம். சௌனாவுலேருந்து வந்து கால வச்சிருக்கா, அப்படியே சாஞ்சுட்டா. பாதிரியார் எழுதிருக்காரு... இரு, முழுசாக் கேளு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பள்ளிக்கூட மணி அடிச்சப்ப மயங்கி விழுந்திருக்கா."

இருதய நோயாளிகளிடையே முப்பது ஆண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்தவள் ஹெல்வி. வெளியே எக்குறையும் தெரியாத சில இதயங்கள் திடீர்ச் சத்தத்திலோ குளிர்ந்த நீரிலோ நின்றுவிடக்கூடும் என்பதையும், அக்குறை குடும்பத்தில் பரம்பரையாக இறங்கிவரும் என்பதையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"குளிர்காலத்துல தைனா ஸ்கூல்ல விழுந்தாளே... காலையில சாப்பிடலன்னு நீ சொன்ன, நானும் தலையாட்டினேன். நர்ஸா இருந்துகிட்டுத் தலையாட்டினேன். ஃபயர் பெல் அடிச்சப்பதான விழுந்தா?... இர்மா? ஏதாவது பேசு..."

மறுமுனையில் கைவிடப்பட்ட ரிசீவர் சுவரில் மோதும் ஓசை கேட்டது. ஏரிக்குள் நீளும் பலகைத்துறையை நோக்கி யாரோ ஓடினார்கள். தொலைவில் பல குரல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணின. தொடர்ந்து உடல்கள் நீரில் விழும் ஓசை எழுந்தது. எவருடைய உடல்கள் என்பதைக் காதால் அறிய இயலாதவளாய் ஹெல்வி மேசையின் விளிம்பைப் பற்றினாள்.

"யாராவது போன எடுங்க... யாராவது... யாரது?... தைனாவா? முடி நனைஞ்சிருக்கா?... கேட்டதுக்குப் பதில் சொல்லு. நனைஞ்சிருக்கா, காய்ஞ்சிருக்கா?"

காய்ந்துதான் இருந்தது. பதினான்கு வயதுப் பெண்ணைக் குதிக்குமுன்பே துண்டைப் பிடித்து இழுத்து, உறவினர் அனைவரும் சிரிக்கும்படி அம்மா கரைக்குக் கொண்டுவந்துவிட்டாளாம். ஹெல்வி நாற்காலியில் சரிந்தாள்.

"திட்டு, திட்டு, எவ்வளவு வேணாத் திட்டு. உக்காந்துட்டுத் திட்டு... தைனா, பெரியம்மா ஒண்ணு கேக்குறேன். ஸ்கூல்ல விழுந்தது தவிர வேற எப்பவாவது?"

தைனா குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள்.

"எப்ப?... அலாரம் அடிச்சப்பவா... அதனாலதான் இப்பல்லாம் அலாரம் வைக்காம, வெளிச்சம் பட்டு முழிக்க ஜன்னல் பக்கத்துல படுக்குறியா... எத்தன தடவ?... நாலா? அம்மாவுக்கு ஒண்ணுகூடத் தெரியாதா?"

சற்று முன் தணிந்த அச்சம் முன்னிலும் கனமாக ஹெல்வியின் நெஞ்சில் ஏறி அமர்ந்தது.

"இல்லடா, நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு. இப்பவே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்குள்ள... ஆமா, அழுவா. அழட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

தாயை அழைக்கும் குரல் ஒருமுறை கேட்டது. பின்பு இர்மாவின் அழுகை கேட்டது. அதன்பின் அவள் ரிசீவரை, திடீர் ஓசையில் மகள் அதிர்ந்துவிடாதபடி, மெல்ல அதன் கொக்கியில் மாட்டினாள்.