கொம்பனியைப் பெண் பார்க்கும் படலம்

"அவையள் கொம்பனியைப் பொம்பிளை பார்க்கப் போயிட்டினம் அக்கா. என்ர வேலை போகப்போகுது."

லொங்குய் நிலையத்தில் மெத்ரோ ரயில் புறப்பட்டபோது எனக்கு முன்னால் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். கழுத்தில் அலுவலக அட்டை. பக்கத்தில் இருந்த அக்கா, வாய்வரை கொண்டுபோன ரோல்ஸைக் கீழே இறக்கினார்.

"ஆரடி போனது?"

"வடக்கில இருக்கிற பூர்வகுடி ஊர் ஆக்கள். காத்தாலையில கரண்ட் எடுக்கிற கொம்பனியோட பங்கு சேரலாமோ எண்டு ஆராய அவையளைப் பழக்கத்தான் அரசாங்கம் மானியம் குடுத்து என்னை அனுப்பினது."

"நீ என்ன பழக்கினனீ?"

"கலியாணம் மாதிரி நல்லா விசாரியுங்கோ எண்டன். எங்கட ஆக்கள் விசாரிக்கிற விதத்தையும் சொன்னன்."

"ஐயோ, எல்லாத்தையுமோ?"

"ஓம். கொம்பனி முந்திப் பங்கு சேர்ந்த ஊர்களுக்கெல்லாம் போன் எடுத்து, கோவம் வருமோ, சொன்ன சொல்லைக் காப்பாத்துமோ எண்டு கேட்டவை. பேந்து கூட்டமாப் போய் இருந்து, மனேஜரைக் கோப்பித் தட்டோட வரச் சொன்னவை."

"வந்தவனோ?"

"வந்தவர். ஆளாளுக்குக் கோப்பி நீட்டினவராம். முந்தி ஒரு ஊரோட சண்டை பிடிச்சுப் பிரிஞ்ச கதையையும் தானாவே சொல்லிப்போட்டார். இவையள் 'வீட்டை போய்ச் சொல்லி அனுப்பிறம்' எண்டிட்டு எழும்பி வந்திட்டினம். மனேஜர் எங்கட ஒபிசுக்கு முறைப்பாடு. இப்ப விசாரணைக்குத்தான் போறன்."

அக்கா ரோல்ஸை முழுதாகத் தின்று முடித்தார்.

"இதுக்கு உன்னை வேலையால நிப்பாட்டினா உங்கட ஒபிஸ்காரருக்குத்தான் விசர். இவ்வளவு வடிவா விசாரிக்கிற ஆக்கள் எங்களுக்குள்ளையே இல்லை. ரொறன்ரோவில என்ர மகளுக்கு ஒரு பெடியன் பொருந்தி வருகுது, அந்த ஊர் ஆக்களின்ர நம்பரைத் தா, அவையே விசாரிக்கட்டும்."