மணல் போடாத ஸ்டாண்டு

ஹலோ... ஆமா, ஆமா, நான்தான். போன் ஜன்னல் விளிம்புல இருக்கு, மூக்கால தட்டி ஸ்பீக்கர்ல போட்டேன்... என்னது? பால்கனியில காயப்போட்ட மணல் காஞ்சிடுச்சான்னு கேக்கவா போன் பண்ணுனீங்க? வாயில நல்லா வந்துடும் எனக்கு...

கத்தல. கத்துனா பையன் பயந்துடுவான்... இங்கதான், என் காலுக்கு நடுவுல. நீங்க செஞ்ச ஸ்டாண்டோட குழாயை ரெண்டு கையாலயும் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறான்... மணல் போட்டதா இருந்தா நான் ஏன் இப்படி நிக்கிறேன்? போடாதது! குழாய்க்குள்ள மணல் இருந்தாத்தான் ஆடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவன் இழுக்க இழுக்கச் சாயுது. மேல இருக்கிற ஸ்பீக்கர் பொட்டியை நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்...

இல்ல... இல்லங்க, பாட்டு வர்ற முன்பக்கத்துல கை படல... உங்க பொட்டிக்கு ஒரு கீறல் இல்ல, போதுமா? பிள்ளைக்கு என்னன்னு கேட்டீங்களா?... சரி... சரி, தெரியும், பதறாதீங்க.

எப்படி இறக்குறது? குனிஞ்சா அவன் தலையில இடிக்கும். ஒரு கையை எடுத்தா நழுவுது... பசையா? பொட்டி நழுவக் கூடாதுன்னு நீங்க நாலு மூலையிலயும் உருட்டி வச்ச பசை எப்பவோ பிச்சுக்கிச்சு... பக்கத்து வீட்டக்கா வந்து என்ன பண்ணுவாங்க? உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்.

நாற்காலியில உக்காந்து, எந்திரிச்சு, மறுபடி உக்காந்து உங்க காது உயரத்தை அளந்தீங்களே, பிள்ளை கை எட்டுமான்னு அளந்தீங்களா? மணல் போட்டுட்டு ஏத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டு இறக்கிடுறேன்னீங்க...

பிடி வழுக்குதுங்க. பயமா இருக்கு. ரொம்ப நேரம் தாங்காது...

இருங்க. உங்க குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்குறான்... ஆமா, ஆமா, கூப்பிடுங்க. போனை முழங்கையால சோபாவுல தள்ளி விடுறேன்... ம், விழுந்துடுச்சு. இப்பக் கூப்பிடுங்க... அதட்டாதீங்க! குளிப்பாட்டும்போது கூப்பிடுவீங்களே, அந்த மாதிரி... நிறுத்தாதீங்க... ஒரு கையை விட்டுட்டான்... இன்னொன்னு... விட்டுட்டான்!

ஏங்க... தவழலங்க. நடக்குறான். நிஜமா... ஐயோ, இன்னொரு அடி... இதுவரைக்கும் பிடியை விடாத பிள்ளை... சோபாவைப் பிடிச்சுட்டான்!

இருங்க, இருங்க... இறக்குறேன்... அம்மாடி... தரையில வச்சுட்டேன்.

என்னங்க, மூக்கை உறிஞ்சுறீங்க?... அழுறீங்களா? நானும்தான்... சத்தம் சுத்தமா வரணும், சுத்தமா வரணும்னு இத்தனை நாளா அந்தக் குழாயையே கட்டிக்கிட்டு அழுதீங்க. இவன் இந்தக் கீச்சுக் குரல் போன்லயே அப்பாவைக் கண்டுபிடிச்சு நடந்து போய்ட்டான்... திட்டலங்க. நீங்க பார்க்கலையேன்னு இருக்கு. வீட்டுக்கு வாங்க, மறுபடி நடக்க வைக்க... டேய், டேய், அந்தச் சிவப்பை அமுக்காதடா, அப்பா இன்னும் பேசிக்கிட்டு... ஹலோ?... ஹலோ?