பேனட் போடும்போது கதவைத் திறக்கக் கூடாது

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அன்றைக்கு யார் யார் எங்கே இருந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். ஆளையும் இடத்தையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் படிப்பவருக்குப் பாதிச் சிரமம் குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். குடிநீர்க் குழாய் உடைந்ததென்று புகார் எழுதினாலும் எனக்கு அப்படித்தான் வரும்.

உங்கள் கணவரின் கடையில், கண்ணாடி அறைக்கு வெளியே, வந்தவர்கள் உட்காரும் நீலச் சோபாவின் வலது ஓரத்தில் நான். என் முகம் கண்ணாடியைப் பார்த்து இருந்தது. எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி. உங்கள் கொழுந்தன் உட்காரவே இல்லை. வாசலோரத்து மேஜையில் ஃபிலிம் சுருளை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார், பிறகு பிளேடு வாங்கப் போய்விட்டார். உங்கள் கணவர் கண்ணாடி அறைக்குள், என் காருக்கு முன்னால். கடிகாரம் என் மனைவியின் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. ஆகையால் நேரங்களை நான் தயங்காமல் எழுத முடியும்.

கார் வாங்கி மூன்றாவது நாள். கருநீலம். அந்த நிறத்தில் ஒரு கடுகளவு கீறல் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும் என்று விற்றவர்களே சொன்னார்கள். உடனே கீறல் விழாமல் காக்கிற ஃபிலிமை வண்டி முழுக்க ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். நான் நான்காவது பிள்ளை. சட்டை, செருப்பு, பாடப்புத்தகம், சைக்கிள், எல்லாம் மூன்று அண்ணன்கள் கைமாறி வந்தவை. அலுவலகத்தில்கூட எனக்கு முன்னால் இருந்தவர் பேனாவால் கிறுக்கிய மேஜையில்தான் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தேன். எனக்கென்று யாரும் தொடாமல் வந்த முதல் பொருள் இந்தக் கார். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. காரணம் என்று ஒன்று கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும்.

உங்கள் கணவர் நல்ல வேலைக்காரர். கலகலப்பான மனிதர். காலையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

“நம்ம தொழில்ல தூசிதான் சார் மாமியார். கூப்பிடவே வேணாம், வந்து நடுக்கூடத்துல உக்காந்துக்கும். அப்புறம் யார் சொன்னாலும் எந்திரிக்காது.”

என் மனைவி சிரித்தாள். “உங்க மாமியார் காதுல விழப்போகுது.”

“அவங்க வண்டிக்கும் நான்தாம்மா ஒட்டணும். வாயைத் திறப்பேனா?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பக்கக் கதவு, டிக்கி எல்லாம் ஒண்ணுமில்ல சார். முன்னால இன்ஜினை மூடியிருக்கற பேனட்தான் பெருசு. ஒரே துண்டு. பாதியை ஒட்டிட்டு மீதியை மேல மடிச்சு வெச்சிருப்பேன், பசைப் பக்கம் வெளிய பாத்துக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல மட்டும் இந்தக் கதவைத் திறந்துடாதீங்க. ஊரே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் தட்டிட்டு நில்லுங்க” என்றார்.

ஊரே எரிந்தாலும். அவர் சொன்ன வார்த்தை இது. என் மனைவியும் கேட்டாள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு என்பதுதான் அந்த வேலையின் சூட்சுமம் என்று அன்று தெரிந்துகொண்டேன். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை வைத்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் தண்ணீரும் காற்றும் வெளியேறி, ஒரு குமிழிகூட இல்லாமல் படிந்துவிடுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காது.

பத்து ஐம்பதுக்குப் பேனட்டை ஆரம்பித்தார். பதினொன்றுக்கு உங்கள் கொழுந்தன் பிளேடு வாங்கப் போனார். வெளியே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், காற்றில் ஒரே புழுதி. பதினொன்று பன்னிரண்டுக்கு உங்கள் கணவர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டார். இடது கையைப் பேனட்டில் ஊன்றி, அப்படியே மெல்ல முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வேலை செய்கிறவர் களைப்பாற உட்காருவது உலகத்தில் நடக்காததா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுந்து போய்க் கதவை மெதுவாக மூன்று தடவை தட்டினேன். அவர் சொன்னபடியே. அவர் என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். ‘கொஞ்சம் இருங்க’ என்கிறார் என்று எடுத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

என் மனைவி அவளுடைய தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பதினொன்று பதினேழுக்குத் தற்செயலாகத் திரும்பினாள்.

“என்னங்க, அவரு கீழ உக்காந்துட்டாரு?”

“பம்பர் ஓரத்தை மடிக்கிறாரு. ஓரம் கீழதானே இருக்கு” என்றேன்.

“கையே அசையலையே.”

“நுணுக்கமான வேலை. நீ பேசு.”

அவள் போனை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொன்று இருபத்திரண்டுக்கு, “அவரு கால் ஒரு மாதிரி கிடக்குதுங்க” என்று எழுந்தாள். அவளுக்கு முன்னால் நான் கதவண்டை போய்விட்டேன். கைப்பிடியைப் பிடித்தேன். “உள்ள தாழ் போட்டிருக்கு. நீ போய் அவர் தம்பியைக் கூட்டிட்டு வா, ஓடு” என்றேன்.

அவள் ஓடினாள். ஒரு செருப்பு வாசலிலேயே அறுந்து கிடந்தது. இந்த வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கதவைத் திறந்தேன். இரண்டு நிமிஷத்தில் உங்கள் கொழுந்தனும் என் மனைவியும் வந்துவிட்டார்கள். ஓங்கி இழுத்ததில் தாழ் விட்டுக்கொடுத்தது என்று அவர்களிடம் சொன்னேன். காவல் நிலையத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில், பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் நீங்கள் அந்த வராந்தாவில் என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “நீங்களாச்சும் இழுத்துத் திறந்தீங்களே அண்ணா” என்று அழுதீர்கள். அந்தச் சமயத்தில் எதைச் சொல்லியும் ஒரு பிரயோசனம் இல்லை. நான் என்ன செய்ய முடியும்? தலையைக் குனிந்துகொண்டேன்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் போன வாரம் உங்கள் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் பத்து நாள் தாடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான்கு திருகாணிகளும் கூடவே இருந்தன.

“இதை நான்தான் சார் மாட்டினேன். அதுக்கு முந்தின வாரம். வந்தவங்க யாரோ பாதி வேலையில கதவைத் திறந்துட்டாங்கன்னு. அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. தாழ் போட்டா மூச்சு முட்டற மாதிரி இருக்குடாம்பாரு. ஒரு நாளும் போட்டதில்ல சார். அன்னிக்கு மட்டும் எப்படிப் போட்டாரு?”

மேஜை விளிம்புக்கு உருண்ட ஒரு திருகாணியை நான் உள்ளே நகர்த்தி வைத்தேன்.

“அண்ணி என்னை வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னுட்டாங்க. நீ மாட்டின தாழ்தான் அவரைக் கொன்னுச்சுன்றாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே சார். பிள்ளைங்க ரெண்டும் சித்தப்பான்னு ஓடி வருதுங்க, உள்ள இழுத்துக் கதவைச் சாத்திடறாங்க.” தாழ்ப்பாளை என் பக்கம் நகர்த்தினார். “நீங்க கதவைப் பிடிச்சு இழுத்தவரு. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. தாழ் போட்டுத்தான் இருந்துச்சா?”

“போட்டுத்தான் இருந்தது தம்பி” என்றேன்.

அவர் தாழ்ப்பாளை எடுத்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். “சரிங்க சார்” என்று சொல்லிப் போய்விட்டார். சமையலறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நான் ஓடினப்போ கைப்பிடியை இழுத்தீங்களா, சும்மா பிடிச்சிட்டிருந்தீங்களா?”

அன்றிலிருந்து சோறு போடுகிறாள், துணி மடித்து வைக்கிறாள், பேசுவதில்லை. காரில் இன்றுவரை அவள் ஏறியதில்லை. கடைத்தெருவுக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்துகொண்டு ஒருவர் பேசாவிட்டால் மற்றவர் என்னதான் செய்வது? ஆகவே எழுதுகிறேன்.

தாழ் போடவில்லை.

உங்கள் கணவர் அதைப் போடவே இல்லை. உங்கள் கொழுந்தன் மேல் ஒரு துளியும் தப்பில்லை. அந்தக் கதவு ஒரு விரலால் இழுத்தாலே திறந்துகொள்ளும். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது அதை இழுப்பதற்கு அல்ல. என் மனைவி இழுத்துவிடாமல் இருப்பதற்கு.

இன்னும் இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டும். முதலாவது, அவர் கையைத் தூக்கினார் என்று எழுதினேன் அல்லவா? உள்ளங்கை அவர் பக்கம் இருந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கின. இரண்டு தடவை. அப்படிக் காட்டினால் ‘வா’ என்றுதான் அர்த்தம் என்பது எனக்கும் தெரியும்.

இரண்டாவது, கதவைத் திறந்த நேரம். அவர் உட்கார்ந்தபோது ஃபிலிமின் பாதி ஒட்டியிருந்தது, மீதி மேலே மடிந்து பசைப் பக்கம் மினுங்கிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரின் வழுக்கலில் அந்த மடிப்பு மெல்ல மெல்ல முன்னால் இறங்க ஆரம்பித்தது. பதினொன்று இருபதுக்குப் பேனட்டின் நுனி. இருபத்தைந்துக்கு முன்பக்க விளக்கு. இருபத்தெட்டுக்கு நம்பர் பலகை. எழுந்துவிடுவார், எழுந்து பிடித்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அந்த மடிப்பு எந்த நிமிஷத்தில் எங்கே இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். உங்கள் கணவருடைய நெஞ்சு எந்த நிமிஷத்தில் ஏறி இறங்குவதை நிறுத்தியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அங்கே பார்க்கவில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஃபிலிமின் ஓரம் தரையைத் தொட்டது. ஈரத்தரையின் அழுக்கு முழுக்கப் பசையில் ஏறிவிட்டது. இனிமேல் கதவைத் திறந்தாலும் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. அதனால் திறந்தேன்.

இந்தக் கடிதத்தைப் போலீசாரிடம் காட்டலாம். உங்கள் கொழுந்தனிடம் முதலில் காட்டுங்கள். கையெழுத்து என்னுடையது, விலாசமும் கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன். அது நடந்த பதினோராம் நாள் வேறொரு கடையில் பேனட்டுக்கு மட்டும் புதுத் துண்டு போட்டுக்கொண்டேன். பழைய பசையைக் கரைக்கும்போது இடது பக்கம் நான்கு விரல் தடம் இருப்பதாக அந்தக் கடைக்காரர் காட்டினார். துடைக்கச் சொன்னேன். இப்போது எந்தக் குறையும் இல்லை. இதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மற்றபடி அந்தக் கார்மேல் எனக்கு இருந்த ஆசையெல்லாம் அன்றோடு போய்விட்டது. நீங்கள் நம்ப வேண்டும்.

உறைக்குப் பசை தடவிவிட்டேன். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். தபால் பெட்டி கொஞ்சம் தூரம். வெயிலும் ஏறிவிட்டது. ஆனாலும் நடந்தே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். எங்கள் தெருவையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரே புழுதி. வண்டியை வெளியே எடுக்க முடியாது.