இருபத்து நாலில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் ஒட்டும் பசை வாங்கினால் கண்ணாடிக் குப்பியில் வருவதைத்தான் வாங்க வேண்டும். டியூபில் வருவது நூல் நூலாக இழுக்கும். ஒட்டின இடத்தில் தழும்பு நின்றுவிடும். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துவந்த சாமான்களில் மூன்று குப்பிகள் இருக்கும், இன்ஸ்பெக்டரம்மா. மூடியை இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். காய்ந்துபோனால் வீண்.

பெயர் மாசாணம். வயது எழுபத்திரண்டு. கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் நாற்பத்தோரு வருடம் பேட்டர்ன் செய்தேன். இரும்பில் எது வேண்டுமோ அதை முதலில் நான் மரத்தில் செய்வேன். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் வார்ப்பைப் பேட்டர்னோடு சரிபார்ப்போம். ஒத்துவராவிட்டால் வார்ப்பை உடைத்து மறுபடி உலையில் போடுவார்கள். பேட்டர்ன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். என் பேட்டர்ன் ஒருமுறைகூடத் திருத்தத்துக்கு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

வேலையை விட்ட பிறகு பழைய லாரிகளைச் சின்ன மாதிரிகளாகச் செய்ய ஆரம்பித்தேன். பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. கடைசியாகச் செய்தது பாலுசாமியின் மூக்கு லாரி, எஞ்சின் முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வண்டி.

சூலூர் பாலுசாமி எனக்கு முப்பது வருடச் சிநேகிதர். அவருடைய அப்பா அறுபத்து நாலில் வாங்கிய வண்டி அது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு ஏற்றியது. ஒருமுறை மண்டி வாசலில் எருமை ஒன்று பின்னால் வந்து முட்டியதில், எருமை புல் மேயப் போய்விட்டது, லாரி மூன்று நாள் படுத்துவிட்டது. அந்தப் பள்ளத்தைக்கூட என் மாதிரியில் ஊசி முனையைச் சுட்டு வைத்தேன். ஏழு மாதம் ஞாயிறுதோறும் அவருடைய ஷெட்டுக்குப் போய், லாரிக்கடியில் மல்லாந்து படுத்து அளவெடுத்தேன். கடைசியில், லாரிக்கு வெளியே என் கால் மட்டும் தெரிந்தால் அவருடைய மனைவி நாச்சியம்மாள் காலுக்குப் பக்கத்தில் மோரை வைத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதிரி வண்டிகளின் கண்காட்சி நடந்தது. என் லாரிக்கு முதல் பரிசு. கோப்பையை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பாலுசாமி மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஏனுங்ணா, முன்னால எடது சக்கரத்துக்குப் பிரேக் பைப்பையே காணோமுங்களே?”

நான் குனிந்து பார்த்தேன். காணோம்தான்.

“பைப்பு இல்லீன்னா வண்டி எப்படிங்ணா நிக்கும்? போயி மரத்துல மோதித்தான் நிக்கோணும்.”

மண்டபமே சிரித்தது. பரிசு கொடுத்த டீச்சரம்மா கோப்பையின் ஒரு காதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார், அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பைப்பு, பெட்டியில் வந்ததில் எண்பத்தெட்டாம் நம்பர் துண்டு. புருவ மயிரளவு இருக்கும். மூன்று நாள் தேடினேன். வீட்டைக் கூட்டி, குப்பையை மாவுச் சல்லடையில் சலித்தேன். பெருங்காய டப்பாவில்கூடப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஒரு செம்புக் கம்பியை வளைத்து ஒட்டியிருக்கலாமே என்பீர்கள். பரிசு வாங்கிய மாதிரியில் கை வைக்கச் சொல்கிறீர்கள். நான்தான் முதலிலேயே சொன்னேனே.

அடுத்த ஞாயிறு, மத்தியானம், வழக்கம்போல லாரிக்கடியில் படுத்தேன். முன்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் பைப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். திறந்து கிடந்த முனை பார்க்க நன்றாக இல்லை. மாதிரியில் இடுக்கு அடைக்க வைத்திருக்கும், காய்ந்தால் கல்லாகும் சாம்பல் நிறப் புட்டிக் களிம்பால் அதை அடைத்து, கட்டை விரலால் வழித்துவிட்டேன். உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த ரேகை அதுதான். வெளியே வந்தேன். மோர் இருந்தது. குடித்தேன். பிரேக் கெட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பழைய வண்டிகள் குன்னூருக்கு ஊர்வலம் போகின்றன என்பது எனக்குத் தெரியும். கொடி கட்டினதே நான்தான்.

பாலுசாமி வெள்ளைச் சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். “ஏறுங்ணா, சும்மா ஜம்முனு போயிட்டு வரலாமுங்க” என்றார்.

“நான் வர்லீங்க. முட்டி வலி.”

“செரி உடுங்க. பொழுதோட வந்து உங்களுக்கு ஒரு சாமான் தாரேன்.”

ஊட்டி வர்க்கி வாங்கிவருவார் என்று நினைத்தேன்.

அதற்குள் அவருடைய பேத்தி வர்ஷினி அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டது. ஒன்பது வயது. சன்னலில் கை வைத்து, “தாத்தா, ஹாரன் அடிங்க” என்றது. நான் போய் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். அழுதது. “வேண்டாங் கண்ணு, மலையில வாந்தி வரும்” என்று சொல்லித் தேற்றினேன். மாதிரியில் நான் ஒட்டியிருப்பது டிரைவர் பொம்மை ஒன்றை மட்டும்தான். பக்கத்து சீட் காலி. அந்தப் பிள்ளை இன்றைக்கு இருக்கிறதென்றால் என்னால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. புட்டி நல்ல புட்டி. இறங்கும்போது பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் விட்டுப்போயிருக்கிறது. மரத்தில் மோதித்தான் நின்றதாம். மூக்கு எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று கேட்டேன். உங்கள் ஏட்டையா எழுந்து போய்விட்டார். அளவு கேட்பது ஒரு குற்றமா?

சாவு வீட்டில் நாச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களத்தான் கூடப்பொறந்தவராட்ட நெனச்சிருந்தாருங்ணா” என்று அழுதது. நான் பந்தலுக்கு நாற்காலி எண்ணி வாங்கி வைத்தேன்.

இப்போது மேசையில் ஒரு தீப்பெட்டியை வைத்து, இது என்னவென்று கேட்கிறீர்கள். இறந்தவருடைய சட்டைப் பையில் இருந்தது என்கிறீர்கள். கண்காட்சிக்கு முந்தின வாரம் என் வீட்டில் தரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன பாலுசாமியின் தோள்துண்டு மடிப்பில் இது ஒட்டிக்கொண்டு வந்ததாம். “அண்ணன ஒரு வாரம் தேட உட்டுப்போட்டுக் குடுக்கிறேன்” என்று சிரித்தாராம். நாச்சியம்மாள் சொல்லியிருக்கிறது.

ஆமாங்க, அதுதான். எண்பத்தெட்டாம் நம்பர். வளைவு கொஞ்சமும் கெடவில்லை. பஞ்சு வைத்துப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்.

கேஸ் முடிந்ததும் என் சாமான்களையெல்லாம் திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள். தாருங்கள். இது மட்டும் வேண்டாம். இப்போது கொண்டுபோய் ஒட்டினால் மாதிரி தப்பாகிவிடும்.